பல்லையும் தாடையையும் காத்து வைத்தவர்: தேசிய நூதனசாலைகள் திணைக்களத்துக்கு ஒரு திறந்த மடல்

தேசிய நூதனசாலைகள் திணைக்களத்தின் பணிப்பாளர் அவர்களுக்கும், கொழும்பிலும் ஏனைய நகரங்களிலும் உள்ள நூதனசாலைகளில் பணியாற்றும் காப்பாளர்களுக்கும்,

வணக்கம்.

பலாங்கொடைக்கு அருகில் தமிழ் மொழிமூலப் பாடசாலையொன்றில் நீண்ட காலம் உயிரியல் கற்பித்து ஓய்வுபெற்ற ஆசிரியன் நான். 1939 முதல் 1963 வரை இந்நாட்டின் நூதனசாலைக்குப் பணிப்பாளராக இருந்த போலஸ் எட்வர்ட் பீரிஸ் தெரணியகல அவர்களைப் பற்றி உங்களுக்கு எழுத வேண்டும் என்ற எண்ணம் பல ஆண்டுகளாக என் மனத்தில் இருந்துவந்திருக்கிறது. அவருடைய வாழ்க்கையை உங்களுக்கு எடுத்துரைக்கும் தகுதி எனக்கு உண்டென்று நான் நினைக்கவில்லை. அவருடைய கையெழுத்தில் சிட்டை எழுதப்பட்ட பொருட்களின் நடுவே நாள்தோறும் நடமாடுகிறவர்கள் நீங்கள். ஆயினும், அவர் விட்டுச் சென்றவற்றுள் எது பெரியது என்பதைப் பற்றி ஒரு மலையக ஆசிரியனுக்கும் சொல்வதற்கு ஒன்று உண்டு. அதைச் சொல்லி, அதிலிருந்து எழும் சில வேண்டுகோள்களையும் உங்கள் முன் வைக்கவே இம்மடலை எழுதுகிறேன்.

பல ஆண்டுகளுக்கு முன், உயர்தர வகுப்பில் கூர்ப்புப் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். இலங்கையில் ஒரு காலத்தில் சிங்கம் வாழ்ந்தது என்றும், நம் இரத்தினபுரி மாவட்டத்தின் குருவிட்டைப் பகுதியில் கிடைத்த இரண்டு பற்களைக் கொண்டு 1939இல் தெரணியகல அதை ஒரு துணையினமாக, அதாவது சிங்க இனத்துக்குள் அடங்கும் தனிப் பிரிவாக, விவரித்தார் என்றும் சொன்னேன். பின்வரிசையில் இருந்த மாணவியொருத்தி எழுந்து, “சேர், ஒரு பல்ல வச்சி அது சிங்கம்னு எப்படிச் சொன்னாங்க? புலியா இருந்திருக்கக் கூடாதா?” என்று கேட்டாள். அன்று என்னிடம் சரியான விடை இல்லை. விலங்கியலறிஞர்கள் பல்லின் மேடு பள்ளங்களைப் பார்த்து அறிவார்கள் என்று பொதுவாக ஏதோ சொல்லிச் சமாளித்தேன். அவள் அமர்ந்துவிட்டாள். ஆனால் அந்த விடையை அவள் ஏற்றுக்கொள்ளவில்லை என்பது அவளுடைய முகத்தில் தெரிந்தது.

அவள் கேட்டது எவ்வளவு சரியான கேள்வி என்பதை நான் அறிய நெடுங்காலம் ஆயிற்று. 2005இல் வெளிவந்த ஓர் ஆய்வுக் கட்டுரையில், இலங்கை ஆய்வாளர்கள் இதே கேள்வியை எழுப்பியிருந்தார்கள். அந்த இரண்டு பற்களுள் பெயருக்கு ஆதாரமாக எடுத்துக்கொண்ட பல் சிங்கத்தினுடையதுதான், புலியினுடையதன்று என்ற முடிவுக்குத் தாம் எவ்வாறு வந்தார் என்பதைத் தெரணியகல தம் விவரிப்பில் தெளிவாக எழுதி வைக்கவில்லை என்று அவர்கள் சுட்டிக்காட்டினார்கள். அத்துடன் நின்றுவிடாமல், அந்தப் பல்லையே மீண்டும் எடுத்து அளந்து பார்த்து, அது உண்மையில் சிங்கத்தின் பல்லே என்று உறுதி செய்தார்கள். அதே கட்டுரையில் வேறு உயிர்ச்சுவடுகளைக் கொண்டு இந்நாட்டில் ஒரு காலத்தில் புலியும் வாழ்ந்திருக்கிறது என்பதையும் அவர்கள் நிறுவினார்கள். என் மாணவி ஐயப்பட்டதற்கு நியாயம் இருந்தது. தெரணியகல வந்த முடிவும் சரியாக இருந்தது. இரண்டையும் ஒருங்கே நிரூபிக்க முடிந்ததற்குக் காரணம், அந்தச் சிறு பல் காணாமற் போகாமல் 60 ஆண்டுகளுக்கு மேல் காக்கப்பட்டிருந்தது என்பது மட்டுமே. நான் சொல்ல விரும்பும் ஒன்று இதுதான்: தெரணியகல சூட்டிய பெயர்களைக் காட்டிலும், அவர் எழுதிய நூல்களைக் காட்டிலும், அவர் எறிந்துவிடாமல் வைத்திருந்த பொருட்களே அவருடைய பெருங்கொடை.

அவருடைய பின்னணியை விரித்துரைக்க வேண்டியதில்லை. 1900இல் பிறந்தவர், வரலாற்றறிஞர் சேர் போல் பீரிஸ் அவர்களின் மகன், நவீன ஓவியத்தில் பெயர் பெற்ற ‘43 குழு’வின் ஜஸ்டின் தெரணியகல அவருடைய சகோதரர். கேம்பிரிட்ஜிலும் பின்னர் ஹார்வர்டிலும் பயின்று நாடு திரும்பினார். தூரிகையும் கைவந்தவர். அவர் வெளியிட்ட வண்ணப் படத் தொகுதிகளைப் பார்த்தவர்கள், ஒரு பாம்பின் செதில் வரிசையை அவர் எவ்வளவு பொறுமையாகக் கவனித்திருக்கிறார் என்பதை அறிவார்கள். கடலாமைகளைப் பற்றி 1930களில் அவர் எழுதியவை இன்றும் எடுத்தாளப்படுகின்றன. ஏழுவரி ஆமையின் குஞ்சுகளைத் தொட்டியில் வளர்த்து, அவை வளர வளர அளந்து குறித்தவர் அவர். பெருந்தலை ஆமையோடு சேர்த்துக் குழப்பப்பட்டு வந்த சிற்றாமையைப் பிரித்தறிவதற்கும் அவருடைய கட்டுரைகள் உதவின. வேறொருவருக்கு இவை மட்டுமே ஒரு வாழ்நாட் சாதனையாகப் போதுமானவை.

எங்கள் மாவட்டத்துக்கு அவர் செய்ததைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். இரத்தினபுரியில் மாணிக்கக்கல் எடுப்பவர்கள் வயலிலும் ஆற்றோரத்திலும் குழி வெட்டி, பக்கச் சுவர் சரியாதபடி மரத்துண்டுகளை முட்டுக்கொடுத்து, ஊறிவரும் நீரை இறைத்துக்கொண்டே கீழிறங்குவார்கள். சேற்றுக்கும் களிமண்ணுக்கும் அடியில், சிங்களத்தில் ‘இல்லம’ என்று சொல்லப்படும் சரளைப் படை வரும். அதை மேலே ஏற்றிக் கூடையில் இட்டு நீரில் அலசினால், நல்ல நாளாயின் ஒரு கல் மின்னும். பெரும்பாலான நாட்களில் கூழாங்கல்லே மிஞ்சும். அந்தச் சரளையில் சில வேளைகளில் கறுத்துக் கனத்த எலும்புத் துண்டுகளும் பற்களும் அகப்படும். குழியில் இறங்கியவருக்கு அவற்றால் ஒரு சதமும் பயனில்லை. அவை இயல்பாகவே கழிவுக் குவியலுக்குப் போயிருக்க வேண்டியவை.

அந்தக் கழிவுக்குள்தான் தெரணியகல இந்தத் தீவின் பழைய விலங்குலகைக் கண்டார். நீர்யானை, காண்டாமிருகம், சிங்கம், காட்டெருது, இன்றைய யானையிலிருந்து வேறுபட்ட யானைகள் என, எங்கள் தேயிலை மலைகளின் அடிவாரத்தில் ஒரு காலத்தில் மேய்ந்து திரிந்தவற்றை ஒவ்வொரு பல்லாகச் சேர்த்து அடையாளம் கண்டார். இரத்தினபுரி விலங்குத் தொகுதி என்று இன்று பாடநூல்களில் வருவது அதுதான். நீர்யானை இலங்கையில் இருந்ததென்று நான் சொன்னபோது என் வகுப்பில் முதலில் சிரிப்பே எழுந்தது. சிரித்தவர்களுள் சிலருடைய தந்தையர் தோட்ட வேலை இல்லாத நாட்களில் மாணிக்கக் குழிக்குக் கூலியாகப் போகிறவர்கள். தங்கள் தந்தை இறங்கும் குழியின் அடியில்தான் அந்த நீர்யானை கிடக்கிறது என்று அறிந்ததும் அவர்கள் முகம் மாறியதை நான் மறக்கமாட்டேன். 

அவர் புதிய துணையினங்களுக்குப் பெயர் வைத்த முறையைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். இலத்தீனிலும் கிரேக்கத்திலும் மட்டுமே சொல் தேடிய காலத்தில், அவர் இந்நாட்டு மக்களின் வாய்ச்சொல்லை விஞ்ஞானப் பெயருக்குள் கொண்டுவந்தார். முதலைக்குச் சிங்களத்தில் வழங்கும் ‘கிம்புலா’ என்ற சொல்லை நன்னீர் முதலையின் துணையினத்துக்கு வைத்தார். சதுப்பில் வாழும் யானைக்கு ‘வில் அலியா’ என்பதிலிருந்து ‘விலலியா’ என்று பெயரிட்டார். 1956இல் இலங்கைச் சிறுத்தைக்கு அவர் சூட்டிய ‘கொட்டியா’ என்ற பெயர் இன்றும் நிலைத்திருக்கிறது. பிற்கால மரபணு ஆய்வும் நம் சிறுத்தை தனித் துணையினமே என்று உறுதிசெய்தது. பெயர்கள் சிங்களத்தில் அமைந்ததைக் குறையாகச் சொல்வதற்காக நான் இதை எழுதவில்லை. அவர் கேட்டு வளர்ந்த மொழி அது. நான் அதில் காண்பது வேறொன்று. காட்டில் ஒரு விலங்கை முதலில் கண்டு அதற்குப் பெயரிட்டவன் அங்கு வாழ்கிறவனே என்பதை அவர் மதித்தார். அந்த மதிப்புத் தமிழ்ப் பேச்சுக்கும் உரியது என்பதைப் பின்னர் சொல்கிறேன்.

அவர் சூட்டிய பெயர்கள் பல நிற்கவில்லை என்பதையும் மறைக்காமல் சொல்லியாக வேண்டும். சதுப்பு யானை தனித் துணையினம் என்பதை இன்று யாரும் ஏற்பதில்லை. சிறு வேறுபாட்டைக் கண்டதும் புதுப் பெயர் வைத்துவிடுகிறார் என்று அவர் மீது எழுந்த விமரிசனத்தில் நியாயம் உண்டென்றே நானும் கருதுகிறேன். ஆசிரியனாக இருந்தபோது இதை நான் மாணவர்களிடம் ஒளித்ததில்லை. ஒரு பெரிய மனிதரின் பிழைகளைச் சொல்லாமல் விட்டால், விஞ்ஞானம் என்பது பெரியவர்கள் சொன்னதை மனனம் செய்வது என்றே பிள்ளைகள் எண்ணிக்கொள்வார்கள்.

இவை எல்லாவற்றிலும் என் மனத்தை ஆழமாகத் தொட்டது திமிங்கிலத்தின் கதை. 1963 ஜனவரி 26ஆம் திகதி, கொழும்புக்குத் தெற்கே இரத்மலானைக் கரையில், ஏறத்தாழ நாலரை மீற்றர் நீளமான, நீலச் சாம்பல் நிறமுடைய அலகுத் திமிங்கிலம் ஒன்று ஒதுங்கியது. அலகுத் திமிங்கிலங்கள் ஆழ்கடலில் மூழ்கி வாழ்கின்றவை. கடலோடிகளின் கண்ணில்கூட அரிதாகவே படுகின்றவை. அவற்றுள் சில இனங்களைக் கரையொதுங்கிய உடல்களைக் கொண்டே உலகம் அறிந்திருக்கிறது. அப்போது தெரணியகல பணிப்பாளர் பதவியின் இறுதி ஆண்டில் இருந்தார். அவர் அந்த உடலை ஆராய்ந்து, இது உலகம் அறியாத புதிய இனம் என்று அதே ஆண்டில் அறிவித்தார். கூரிய அலகு என்று பொருள்படும் சிங்களச் சொற்களைச் சேர்த்து ‘ஹொட்டவுல’ என்று பெயரிட்டார்.

இரண்டே ஆண்டுகளில் அந்தப் பெயர் தள்ளப்பட்டது. 1958இல் ஜப்பானிய அறிஞர்கள் விவரித்திருந்த, ஜின்கோ இலை வடிவப் பல்லுடைய அலகுத் திமிங்கிலமே இதுவும் என்று 1965இல் வெளிநாட்டு அறிஞர்கள் எழுதினார்கள். உலகம் அதை ஏற்றுக்கொண்டது. அளவுக்கு மீறிப் பெயர் வைக்கிறவர் என்று ஏற்கெனவே பேசப்பட்ட ஒருவருக்காக வாதாட யாரும் இருக்கவில்லை. 1970களில் அவர் காலமானபோது, அவருடைய திமிங்கிலம் வேறொரு பெயரின் அடியில் மறைந்து கிடந்தது.

2014ஆம் ஆண்டு, கடற்பாலூட்டிகளை ஆராயும் பன்னாட்டு அறிஞர் குழுவொன்று தன் முடிவை வெளியிட்டது. இலங்கை, மாலைதீவு, சீஷெல்ஸ், பசிபிக்கில் உள்ள கிரிபாட்டி, பல்மைரா பவளத்தீவு ஆகிய இடங்களிலிருந்து கிடைத்த ஏழு மாதிரிகளின் டீ.என்.ஏ.யையும் உடலமைப்பையும் ஒப்பிட்டுப் பார்த்த அவர்கள், 1963இல் தெரணியகல சொன்னதே சரி, இது தனி இனம்தான் என்று நிறுவினார்கள். அந்த ஏழில் முதலாவது, இனத்தின் பெயரையே தாங்கி நிற்கும் வகைமாதிரி, உங்கள் நூதனசாலையில் இருந்த எலும்பு. 51 ஆண்டுகளாக அந்த எலும்பு அங்கே இருந்தது. டீ.என்.ஏ.யைக் கொண்டு இனத்தை இனங்காணும் முறை எதுவும் இல்லாத காலத்தில் உள்ளே வைக்கப்பட்ட எலும்பு, அந்த முறை பிறந்து வளர்ந்து தன்னிடம் வந்து கேட்டபோது விடை சொன்னது. இடையில் ஒருமுறை, பெயர் செல்லாத பழைய எலும்புதானே, இடத்தை அடைத்துக்கொண்டிருக்கிறது என்று ஒருவர் நினைத்திருந்தால் போதும், எல்லாம் முடிந்திருக்கும். அப்படி நினைக்காமல் பூச்சி அரிக்காமலும் ஈரம் ஏறாமலும் பார்த்துக்கொண்ட, பெயர் எங்கும் எழுதப்படாத உங்கள் திணைக்களத்து ஊழியர்கள் எத்தனையோ பேர். அவர்களுக்கு நான் மனமார நன்றி சொல்கிறேன். அந்தக் கண்டுபிடிப்பில் தெரணியகலவுக்கு உள்ள பங்கு அவர்களுக்கும் உண்டு.

எங்கள் ஊரின் பெயரும் அவரால் உலகுக்குப் போனது. குருவிட்டைக்கு அருகில் உள்ள பட்டதொம்பலெனக் குகையிலும், பின்னர் 1956 முதல் வளவை ஆற்றுப் பக்கத்தில் பெல்லன்பெந்தி பெலஸ்ஸ என்ற இடத்திலும் அவர் அகழ்ந்தெடுத்த மனித எலும்புகளும் கற்கருவிகளும் ‘பலாங்கொடை மனிதன்’ என்ற பெயரைத் தோற்றுவித்தன. அவருடைய மகன் சிரான் தெரணியகல அதே இடங்களுக்குத் திரும்பிச் சென்று, நவீன முறைகளில் மீண்டும் அகழ்ந்து, காலக் கணிப்புச் செய்து, 1992இல் இந்நாட்டின் வரலாற்றுக்கு முந்திய காலத்தைப் பற்றிய பெருநூலை வெளியிட்டார். தந்தை தொடங்கியதை மகன் திருத்தவும் விரிக்கவும் முடிந்ததற்குக் காரணமும் முன்பு சொன்னதுதான்: எங்கே, எந்தப் படையில் எடுக்கப்பட்டது என்ற குறிப்போடு பொருட்கள் காக்கப்பட்டிருந்தன. சிங்கள மாணவரோ தமிழ் மாணவரோ முஸ்லிம் மாணவரோ, எங்கள் ஊர்ப் பாடசாலைகளில் படிக்கும் எந்தப் பிள்ளையும் நம் எல்லோருடைய வரலாறுகளுக்கும் முந்தியவர் என்று கைகாட்டக்கூடிய மூதாதையர் அந்தப் பலாங்கொடை மனிதர்.

இப்போது என் வேண்டுகோள்களுக்கு வருகிறேன்.

முதலாவதாக, ஹொட்டவுலத் திமிங்கிலத்தின் கதையை முழுமையாக மக்களுக்குச் சொல்லுங்கள். 1963இல் சொன்னதையும், 1965இல் மறுக்கப்பட்டதையும், 2014இல் மீட்கப்பட்டதையும் மூன்று மொழிகளிலும் ஒரே இடத்தில் எழுதி வையுங்கள். வகைமாதிரியை வெளியே வைப்பது அதற்குக் கேடு என்றால் அதன் வார்ப்பு ஒன்று போதும். குருவிட்டைச் சிங்கத்தின் பல்லுக்கும் அவ்வாறே செய்யலாம். அதனருகில், இதைச் சிங்கம் என்று எப்படிச் சொல்ல முடியும் என்ற கேள்வியையும், புலியின் பல்லிலிருந்து அது வேறுபடும் விதத்தைக் காட்டும் படத்தையும் வையுங்கள். அந்தக் கேள்வியைக் கேட்ட என் மாணவி இன்று இரண்டு பிள்ளைகளுக்குத் தாய். அவள் தன் பிள்ளைகளை அழைத்துவந்து காட்டக்கூடிய விடை அங்கே இருக்க வேண்டும் என்று விரும்புகிறேன்.

இரண்டாவது, மக்களின் கண்ணுக்குப் படாத களஞ்சியத்தைப் பற்றியது. கூடத்தில் புதிய விளக்குகள் போட்டால் எல்லோரும் காண்பார்கள், பாராட்டுவார்கள். பின்னறையில் ஓர் அலுமாரியின் கதவைத் திருத்தினால் யாருக்கும் தெரியாது. ஆனால் தெரணியகலவின் வாழ்க்கை காட்டுவது, அடுத்த 50 ஆண்டுகளின் கண்டுபிடிப்புகள் அந்தப் பின்னறையிலேயே இருக்கின்றன என்பதைத்தான். நிதி குறைவான இந்நாட்களில் எதற்கு முதலிடம் என்று நீங்கள் தீர்மானிக்க வேண்டி வரும்போது, அந்த அறைக்கும், அதைப் பராமரிக்கும் பயிற்சி பெற்ற விலங்கியல் ஊழியருக்கும் முதலிடம் தாருங்கள். அதைக் கேட்டு நீங்கள் அரசாங்கத்திடம் போகும்போது, எங்களைப் போன்றவர்கள் உங்களோடு நின்று குரல் கொடுப்போம்.

மூன்றாவதாக, அவருடைய கட்டுரைகள் தமிழுக்கும் சிங்களத்துக்கும் வர வேண்டும். 1903இல் தொடங்கிய ‘ஸ்பொலியா செய்லானிகா’ என்ற உங்கள் நூதனசாலைச் சஞ்சிகையில் அவர் எழுதியவை ஆங்கிலத்தில் உள்ளன. அனைத்தையும் மொழிபெயர்க்கும்படி நான் கேட்கவில்லை. சிங்கம், சிறுத்தை, நீர்யானை, திமிங்கிலம், பலாங்கொடை மனிதன் ஆகிய ஐந்தைப் பற்றியும், உயர்தர மாணவர் படித்து விளங்கிக்கொள்ளும் மொழியில் சிறு நூல்கள் வந்தாலே போதும். தமிழ் மொழிமூல ஆசிரியர்கள் சிலர் ஊதியம் எதிர்பாராமல் அந்தப் பணியில் உதவ ஆயத்தமாக இருக்கிறோம். நான் முதலாவதாக என் பெயரைத் தருகிறேன்.

கடைசி வேண்டுகோள், முன்னர் சொல்கிறேன் என்று விட்டுவைத்தது. தெரணியகல சிங்களக் கிராமத்தவரின் சொல்லை மதித்ததைப் போல, இனி உங்களிடம் வந்து சேரும் ஒவ்வொரு மாதிரியோடும் அது கிடைத்த இடத்து மக்கள் அதற்கு வழங்கும் பெயரையும், தமிழ் பேசும் பகுதியானால் தமிழில், பதிவேட்டில் எழுதச் செய்யுங்கள். மன்னாரிலும் முல்லைத்தீவிலும் மட்டக்களப்பிலும் மீனவர்கள் ஆமை இனங்களையும் ஓங்கல்களையும் (டொல்பின்களையும்) பிரித்தறிந்து வேறுவேறு பெயரிட்டு அழைக்கிறார்கள். எங்கள் தோட்டங்களில் கொழுந்து பறிக்கும் பெண்கள் சிறுத்தை நடமாடும் மலையை அதன் கால்தடத்தையும் குரலையும் கொண்டே அறிவார்கள். அந்தச் சொற்கள் முதியவர்களோடு சேர்ந்து மறைந்துகொண்டிருக்கின்றன. பெயரோடு, கண்டெடுத்தவர் யார் என்பதையும் எழுதுங்கள். இரத்தினபுரிக் குழிகளிலிருந்து எலும்பை மேலே தூக்கிக் கொடுத்த தொழிலாளர்களின் பெயர்கள் அன்றே எழுதப்பட்டிருந்தால், என் வகுப்பில் இருந்த சில பிள்ளைகள் தங்கள் பாட்டனின் பெயரை ஒரு நூதனசாலைச் சிட்டையில் படித்திருக்கலாம்.

வருகிற ஜனவரி 26ஆம் திகதி, இரத்மலானைத் திமிங்கிலம் கரையொதுங்கிய நாளில், இரத்தினபுரி மாவட்டத்தின் சிங்கள, தமிழ் மொழிமூலப் பாடசாலைகளிலிருந்து மாணவர்களை அழைத்து, உங்கள் காப்பாளர் ஒருவர் அந்த எலும்பைக் காட்டி விளக்குவதற்கு அனுமதி தருவீர்களானால், பலாங்கொடையிலிருந்து பிள்ளைகளை அழைத்துவரும் பொறுப்பை நான் ஏற்கிறேன். பேருந்துச் செலவுக்குப் பழைய மாணவர்கள் உதவுவதாகச் சொல்லியிருக்கிறார்கள். உங்கள் பதிலுக்குக் காத்திருக்கிறேன்.

நன்றியுடனும் மதிப்புடனும்,
ஓய்வுபெற்ற உயிரியல் ஆசிரியர்,
பலாங்கொடை.